பிற நாட்டு அரசியலும் நம் வீட்டுப் பேப்பரும்

(திருமலைக்கு வந்த விருந்தாளிகளை முன்வைத்து ஒரு சிறு ஆராய்ச்சி)

சித்தூர் ஜில்லாத் தமிழர்களாகிய நமக்கு மற்ற ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி உண்டு. காலையில் ஒரே கடையில் தெலுங்குப் பேப்பரும் கிடைக்கும், தமிழ்ப் பேப்பரும் கிடைக்கும். 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது இந்த ஜில்லா அந்தப் பக்கம் போயிற்று. 1960இல் திருத்தணி மட்டும் தமிழகத்தோடு சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது. கோடுகள் இப்படி மாறிக்கொண்டே இருந்தாலும் நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம், பலமநேர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு மொழியிலும் உலகத்தைப் பார்த்தே பழகியிருக்கின்றன. பெரியவர் தமிழ்த் தாளை விரிப்பார், பேரப்பிள்ளை தெலுங்குத் தாளில் கிரிக்கெட் பக்கத்தைத் தேடுவான்.

இந்த வசதியை நாம் சரியாகப் பயன்படுத்துகிறோமா என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. குறிப்பாக, வெளிநாட்டு அரசியலை இந்தத் தாள்கள் நமக்கு எப்படிச் சொல்கின்றன என்பதைப் பார்க்கலாம். அடுத்த தெருவில் நடந்ததைப் பேப்பர் தப்பாக எழுதினால் நாமே போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கடல் கடந்த நாட்டைப் பற்றி எழுதினால் அப்படிச் சரிபார்க்க நம்மிடம் ஒன்றும் இல்லை. அதனால் பேப்பரின் தரம் உண்மையாகத் தெரிவது வெளிநாட்டுச் செய்தியில்தான் என்பது என் எண்ணம்.

நான் வெல்ல மண்டிக்காரன். பூர்வீகம் ஆரணிப் பக்கம், நயினார் குடும்பம். பள்ளிப் படிப்பு பத்தோடு நின்றது, மீதியெல்லாம் மண்டித் திண்ணையில் உட்கார்ந்து படித்ததுதான். ஆகவே பத்திரிகைத் துறைப் பண்டிதர்கள் மாதிரி எனக்குச் சொல்லத் தெரியாது. வியாபாரியின் கண்ணோடு சொல்கிறேன். ஒரு மூட்டை வெல்லம் வந்து இறங்கினால் நாங்கள் மூன்று கேள்வி கேட்போம். சரக்கு எங்கே ஏறியது? எத்தனை கை மாறி வந்தது? எடை போட்டது யார்? செய்தியும் வெளியூரிலிருந்து வரும் சரக்குதான். அதற்கும் இந்த மூன்று கேள்விகள் போதும்.

ஒரு விருந்தாளி, இரண்டு செய்தி

நமக்கு மிக அருகில் நடந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். இலங்கைத் தலைவர்கள் திருமலைக்கு வருவது புதிதல்ல. மகிந்த ராஜபக்ச அதிபராக இருந்தபோது 2013 பிப்ரவரியிலும் 2014 டிசம்பரிலும் வந்தார். பிரதமராக 2020 பிப்ரவரியிலும் 2021 டிசம்பரிலும் வந்தார். இடையில் மைத்திரிபால சிறிசேனவும் ரணில் விக்கிரமசிங்கவும் வந்து சேவித்துப் போனார்கள்.

ஒவ்வொரு முறையும் நம் தெலுங்குத் தாள்களின் மாவட்ட இணைப்பில் செய்தி ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். மகாதுவாரத்தில் அதிகாரிகள் வரவேற்றார்கள், ஸ்ரீவாரி தரிசனம் ஆயிற்று, ரங்கநாயகர் மண்டபத்தில் வேத ஆசீர்வாதம் நடந்தது, தீர்த்தப் பிரசாதம் கொடுத்தார்கள், போலீஸ் பந்தோபஸ்து பலமாக இருந்தது. அவ்வளவுதான். பேரை மட்டும் மாற்றிவிட்டால் அடுத்த நாள் வரும் சினிமா நடிகருக்கும் அதே செய்தி பொருந்தும்.

அதே நாள் தமிழ்த் தாளைப் பிரித்தால் வேறு உலகம். கறுப்புக் கொடி, ஆர்ப்பாட்டம், கைது, தலைவர்களின் கண்டன அறிக்கை. வந்தவர் போரில் மாண்ட தமிழர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்ற கோபம் அதில் இருக்கும். கோபத்துக்குக் காரணம் உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒன்று புலப்படும். ஒன்றில் அவர் பக்தர், இன்னொன்றில் அவர் குற்றவாளி. ஒரு நாட்டின் ஆட்சித் தலைவர், அந்த நாட்டில் அந்த வாரம் இன்னது நடந்துகொண்டிருக்கிறது என்ற செய்தி இரண்டிலும் தேடத்தான் வேண்டும்.

என்ன நடந்துகொண்டிருந்தது? 2013 பிப்ரவரி வருகைக்கு அடுத்த மாதம் ஜெனீவாவில் இலங்கை பற்றிய தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது, இந்தியா ஆதரித்து வாக்களித்தது. அதே மாதம் தமிழகத்தில் மாணவர் போராட்டம் பரவி, தி.மு.க. மத்திய அரசை விட்டு வெளியே வந்தது. 2014 டிசம்பரில் அவர் வந்தபோது தேர்தல் அறிவித்தாகிவிட்டது. 2015 ஜனவரி 8ஆம் தேதி நடந்த அந்தத் தேர்தலில் தன்னோடு மந்திரியாக இருந்த சிறிசேனவிடமே தோற்றார். 2021 டிசம்பரில் வந்தபோது அந்த நாட்டில் டாலர் கையிருப்பு வற்றிக்கொண்டிருந்தது. ரசாயன உர இறக்குமதியை அந்த ஆண்டு நடுவில் திடீரென்று நிறுத்தியதால் விவசாயி தத்தளித்தான். பால் பவுடருக்கும் சமையல் கேஸுக்கும் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். நாலு மாதத்தில், 2022 ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசே அறிவித்தது. மே 9ஆம் தேதி பிரதமர் பதவி போயிற்று. ஜூலையில் அவர் தம்பியான அதிபர் நாட்டை விட்டே ஓடினார்.

மலை ஏறி வந்த மனிதர் என்ன பாரத்தோடு ஏறினார் என்று இரண்டு வரி எழுதியிருந்தால் திருப்பதி வாசகனுக்கு அந்த நாடு புரிந்திருக்கும். அந்த இரண்டு வரிக்கு நிருபர் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. அலுவலகத்தில் இருந்த பழைய தாள்களைப் புரட்டினாலே போதும்.

சரக்கு எங்கே ஏறியது?

செய்தியின் தலையில் ஊரும் தேதியும் போட்டிருப்பார்கள். நாம் அதைத் தாண்டிப் படித்துவிடுகிறோம். என்னைக் கேட்டால் செய்தியில் மிக முக்கியமான வரி அதுதான். லாரிச் சீட்டில் ஏற்றிய ஊர் இருப்பது மாதிரி.

2009ஆம் ஆண்டு தொடக்கம் முதல் மே வரை வன்னிப் போர்ச் செய்திகள் பெரும்பாலும் 'கொழும்பு' என்ற ஊர்ப் பேரோடு வந்தன. போர் நடந்ததோ முல்லைத்தீவுக் கரையில், கொழும்பிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தூரத்தில். உதவி நிறுவனங்களை 2008 செப்டம்பரிலேயே வெளியேறச் சொல்லிவிட்டார்கள். சுதந்திரமான நிருபர் எவரையும் போர்முனைக்கு விடவில்லை. ராணுவம் அழைத்துக்கொண்டு போய்க் காட்டியதைத்தான் பார்க்க முடிந்தது. உள்நாட்டுப் பத்திரிகையாளர் நிலைமையோ இன்னும் மோசம். அரசை விமர்சித்து எழுதிய ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க அந்த ஜனவரி 8ஆம் தேதி கொழும்பில் பட்டப்பகலில் கொல்லப்பட்டார்.

ஆகவே ஒரு பக்கம் ராணுவப் பேச்சாளர் சொன்னது, இன்னொரு பக்கம் புலிகள் தரப்பு இணையதளங்கள் சொன்னது. இந்த இரண்டுதான் சரக்கு. கண்ணால் கண்டு எழுதிய நடுவர் இல்லை. இதை வாசகனுக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். 'இது ராணுவம் சொல்வது, சரிபார்க்க வழியில்லை' என்று ஒரு வரி. ஆங்கிலத் தாள்கள் சிலவற்றில் அந்த வரி இருந்தது. தெலுங்கிலும் தமிழிலும் மொழிபெயர்க்கும்போது முதலில் உதிர்ந்துபோவது அந்த வரிதான். இடம் போதாது என்றால் எடிட்டர் கத்தரிப்பது அங்கேதான்.

அந்த மே மாதம் நம் பக்கத்து ஜனங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். மே 16ஆம் தேதி பாராளுமன்றத் தேர்தலுக்கும் ஆந்திர சட்டசபைக்கும் ஓட்டு எண்ணினார்கள். திருப்பதியில் சிரஞ்சீவி ஜெயித்தார். ஊரெல்லாம் அந்தப் பேச்சு. அடுத்த இரண்டு மூன்று நாளில் போர் முடிந்தது. தெலுங்குத் தாளை மட்டும் படித்த வீட்டில் முள்ளிவாய்க்கால் என்ற பேரே நுழையவில்லை. தமிழ் வார இதழ்களை மட்டும் படித்த வீட்டிலோ, பிரபாகரன் உயிரோடு இருக்கிறார் என்று அட்டைப்படம் போட்டு விற்றதை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒரு வீட்டுக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை, இன்னொரு வீட்டுக்கு ஆசை செய்தியாக வேஷம் போட்டு வந்தது. துக்கத்தை விற்றுக் காசாக்கியதை நான் பெரிய பாவமாகவே கருதுகிறேன்.

எத்தனை கை மாறியது?

நம் தாள்களில் வரும் வெளிநாட்டுச் செய்தி பெரும்பாலும் செய்தி நிறுவனங்கள் வழியாக வருகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் ராய்ட்டர் என்றால் அதுதான் வேதம். சுதந்திரத்துக்குப் பிறகு பி.டி.ஐ. வந்தது. ஆனாலும் ஆப்பிரிக்காவிலோ மேற்காசியாவிலோ நடப்பதை நாம் இன்றும் லண்டன், நியூயார்க், பாரிஸ் நிறுவனங்களின் கண் வழியாகவே அதிகம் பார்க்கிறோம். ஏழை நாடுகளின் செய்தியைப் பணக்கார நாடுகளே எழுதுகின்றன என்ற குறையை ஆராய யுனெஸ்கோ அமைத்த மக்பிரைடு குழு 1980இலேயே அறிக்கை கொடுத்தது. நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை.

அந்த ஆங்கிலச் செய்தி இரவு நேரத்தில் துணையாசிரியர் மேஜைக்கு வருகிறது. அச்சுக்குப் போகும் அவசரம். அங்கேதான் சொல் மாறுகிறது. ஆங்கிலத்தில் 'கிளர்ச்சியாளர்' என்ற பொருளில் இருந்தது தெலுங்கில் 'உக்ரவாதுலு' ஆகும், தமிழில் 'போராளிகள்' ஆகும். ஒரே மனிதன் ஒரு தாளில் பயங்கரவாதி, இன்னொரு தாளில் வீரன். எந்தச் சொல் சரி என்று வாதம் செய்ய நான் வரவில்லை. சொல்லைத் தேர்ந்த கை எது என்று வாசகன் கவனிக்க வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று. தெலுங்குத் தாள்களில் இலங்கையை 'லங்கா' என்று சுருக்கி எழுதுவது வழக்கம். தலைப்புக்கு அது வசதி. ஆனால் 'லங்கா' என்றதும் ராவணனும் அனுமன் வாலில் வைத்த தீயும் மனசில் வந்துவிடுகின்றன. 2022இல் கொழும்பில் கூட்டம் மாளிகைக்குள் புகுந்தபோது ராமாயணத்தை இழுக்காமல் அந்தச் செய்தியைச் சொல்வது தலைப்பு எழுதுவோருக்கு எவ்வளவு கஷ்டம் என்று பார்த்திருப்பீர்கள். கதை சுலபமாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. அங்கே மூன்று மாதம் காலிமுகத் திடலில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்த காலேஜ் பிள்ளைகள் கதைக்குள் அடங்கவில்லை, ஆகவே கண்ணில் படவில்லை.

எடை போட்டது யார்?

அடுத்தது எண்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சில நாள் முன்புதான் அதிபர் சிறிசேன திருமலைக்கு வந்து சேவித்துவிட்டு, சிங்கப்பூர் போயிருந்தார். இந்திய உளவுத்துறை ஏப்ரல் 4ஆம் தேதியே எச்சரிக்கை அனுப்பியிருந்தது என்பது பின்னால் வெளியாயிற்று. இறந்தவர்கள் 359 என்று முதலில் சொன்னார்கள். நாலு நாளில், உடல்களை எண்ணியதில் தவறு நேர்ந்தது, 253 தான் என்று இலங்கை அரசே திருத்தியது. நூறு உயிருக்கு மேல் வித்தியாசம். முதல் எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்ட தாள்கள் திருத்தத்தை எந்த மூலையில் போட்டன என்று தேடிப் பாருங்கள்.

வன்னிப் போரில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதும் இப்படித்தான். பொதுமக்கள் யாரும் சாகக்கூடாது என்பதே எங்கள் கொள்கை என்று இலங்கை அரசு சொல்லிக்கொண்டிருந்தது. ஐ.நா. பொதுச் செயலர் அமைத்த மூவர் குழு 2011இல் 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்றது. 'வரை', 'கூடும்' என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். அவை கணக்குப் போட்டவரின் நாணயம். நம் மேடைகளிலும் தாள்களிலும் அந்த இரண்டு சொல்லும் உதிர்ந்து, எண் மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று. எதிர்த்தரப்புத் தாள்களிலோ எண்ணே காணவில்லை. கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் இறந்தவனுக்கு அநியாயம்தான். மண்டியில் படிக்கல்லைக் குறைத்து வைத்தவனும் திருடன், கூட்டி வைத்தவனும் திருடன்.

கண்ணாடியாகிப் போன அயல்நாடு

வெளிநாட்டைப் பற்றி எழுதுவது போல் எழுதி, நம்மைப் பற்றியே பேசுவது இன்னொரு வகை. 2022இல் இலங்கை திவாலானதும் ஆந்திரத்தில் எல்லாருக்கும் ஒரு புது உவமை கிடைத்தது. மாநிலக் கடனைச் சொல்லி, ஆந்திரமும் இன்னொரு ஸ்ரீலங்கா ஆகப்போகிறது என்றது அன்றைய எதிர்க்கட்சி. இல்லவே இல்லை என்றது ஆளும் கட்சி. அந்த ஜூலையில் டில்லியில் இலங்கை நிலைமையைப் பேசக் கூட்டிய அனைத்துக் கட்சிக் கூட்டத்திலேயே மாநிலங்களின் கடன் கணக்கைக் காட்ட, ஆந்திர, தெலங்கானா எம்.பி.க்கள் ஆட்சேபித்தார்கள். எந்தத் தாள் எந்தக் கட்சிப் பக்கம் என்பது திருப்பதி பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரருக்கும் தெரியும். ஆகவே எந்தத் தாள் எந்த ஸ்ரீலங்காவைக் காட்டும் என்பதும் தெரியும். கடைசியில் அந்த நாட்டு மலையகத் தேயிலைத் தொழிலாளி என்ன சாப்பிட்டான் என்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அவன் பட்டினி இங்கே வாதத்துக்கு ஒரு கல்.

2024 அமெரிக்கத் தேர்தலும் அப்படியே. தமிழ்த் தாள்களுக்குக் கமலா ஹாரிஸின் தாய்வழிப் பாட்டனார் ஊரான துளசேந்திரபுரம்தான் அமெரிக்கா. கோவிலில் அபிஷேகம், வாசலில் பேனர். தெலுங்குத் தாள்களுக்கு வான்ஸின் மனைவி உஷாவின் பூர்வீகமான மேற்கு கோதாவரியின் வட்லூர்தான் அமெரிக்கா. நம்ம பொண்ணு ஜெயிக்குமா, நம்ம பொண்ணு வீட்டுக்காரர் ஜெயிப்பாரா என்பதே செய்தி. பிறந்த மண்ணைப் பற்றிப் பெருமைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அங்கே பெட்ரோல் விலைக்கும் வீட்டு வாடகைக்கும் எந்தக் கட்சி என்ன சொன்னது, குடியேறியவர்கள் பற்றிய சட்டம் எப்படி மாறும் என்று தெரியாமல், மறு வருஷம் விசாக் கெடுபிடி வந்தபோது, பிள்ளைகளை அனுப்பி வைத்த பெற்றோர் 'இது எங்கிருந்து வந்தது' என்று திகைத்தார்கள்.

தூர தேசம் எதற்கு?

இவையெல்லாம் வெளிநாட்டு விஷயம், பேப்பர்காரன் போய்ப் பார்க்க முடியாது என்று சமாதானம் சொல்லலாம். 2015 ஏப்ரல் 7ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். நம் சேஷாசலம் காட்டில், சந்திரகிரி மண்டலத்தில், செம்மர விவகாரத்தில் 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். எல்லாரும் திருவண்ணாமலை, வேலூர், தருமபுரி, சேலம் பக்கத்துத் தமிழர்கள். காட்டுக்கும் திருப்பதிப் பத்திரிகை ஆபீசுகளுக்கும் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. ஆனால் ஒரு பக்கத்துத் தாளில் அவர்கள் 'கடத்தல்காரர்கள்', இன்னொரு பக்கத்துத் தாளில் 'அப்பாவிக் கூலிகள்'. ஜவ்வாது மலையிலிருந்து ஒருவன் கோடாலியோடு ஏன் இங்கே வருகிறான், அவனை அழைத்து வந்த மேஸ்திரி யார், வெட்டிய மரம் எந்தத் துறைமுகம் வழியாக எந்த நாட்டுக்குப் போகிறது என்ற கேள்விகள் இரண்டு மொழிக்கும் நடுவில் விழுந்து தொலைந்தன. பக்கத்து மாநிலத்தானே வெளிநாட்டான் ஆகிவிட்டபோது, நிஜ வெளிநாட்டானுக்கு என்ன நியாயம் கிடைக்கும்?

நல்லதையும் சொல்ல வேண்டும்

குறை மட்டும் சொன்னால் நியாயமில்லை. தமிழ்ப் பத்திரிகைக்கு வெளிநாட்டுச் செய்தியில் நல்ல பரம்பரை உண்டு. சுதேசமித்திரன் 1882இல் தொடங்கியது. அங்கே 1904இல் சேர்ந்த பாரதியார், வந்த தந்திகளை மொழிபெயர்த்தே உலகத்தைக் கற்றவர். 1906இல் 'இந்தியா' வாரப்பத்திரிகையில் ருஷ்யாவில் நடந்த கிளர்ச்சியை எழுதினார். பிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்தில் வாடிய நம் பெண்களையும், 1914இல் படையெடுப்பில் சிக்கிய பெல்ஜியத்தையும் பாட்டிலேயே பாடினார். நம்மவர் துயரம், பிறர் துயரம் என்று அவர் இரண்டு தராசு வைத்துக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் தினமணியில் நாற்பது ஆண்டுக்கு மேல் ஆசிரியராக இருந்த ஏ.என். சிவராமன் அவர்கள், சாமானியனுக்கும் புரியும்படி உலகப் பொருளாதாரத்தையும் அரசியலையும் கணக்கோடு விளக்கினார். நிருபர் வெளிநாடு போனால்தான் நல்ல செய்தி என்பதில்லை, மேஜையில் உட்கார்ந்தும் செய்யலாம் என்பதற்கு அவரே சாட்சி.

தெலுங்குத் தாள்களிலும் மெச்சத்தக்கது இருக்கிறது. 1974இல் தொடங்கிய ஈநாடு மாவட்டத்துக்கொரு இணைப்பு என்ற வழியைப் பெரிதாக வளர்த்தது, மற்றவர்களும் பின்பற்றினார்கள். ராயசோட்டி, பீலேறு பக்கத்து ஏழை ஜனங்கள் குவைத்துக்குப் பிழைக்கப் போகிறார்கள். குவைத்தில் பொது மன்னிப்பு அறிவித்தால் கடைசித் தேதி என்ன, எந்தக் காகிதம் வேண்டும் என்று அந்த இணைப்புகளில் எழுதுகிறார்கள். அங்கே வீட்டு வேலைக்குப் போய்ச் சிக்கிக்கொண்ட பெண்களின் கதையையும் எழுதுகிறார்கள். அந்தச் செய்தியால் குடும்பங்கள் பிழைத்திருக்கின்றன. வாசகனுக்கு இது தேவை என்று தெரிந்தால் அவர்களால் எழுத முடிகிறது.

ஆனால் அதே இணைப்பில் 2025ஆம் ஆண்டு மாங்காய்ச் சீசனைப் பாருங்கள். தோதாபுரி விலை விழுந்தது, விவசாயி ரோட்டில் கொட்டினான், கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்துத் தரும் என்று பக்கம் பக்கமாக வந்தது. ஆலைகளில் முந்தைய வருஷத்துக் கூழ் ஏன் தேங்கியது? மேற்காசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் சரக்கு அது. செங்கடலில் 2023 கடைசியிலிருந்து கப்பல்களைத் தாக்கினார்கள், உக்ரைன் போரும் ஓயவில்லை. ஏற்றுமதி மந்தத்துக்கு இவையும் காரணம் என்று ஆலைக்காரர்கள் சொன்னார்கள். அது எவ்வளவு உண்மை, எவ்வளவு சாக்கு என்று விசாரித்து விவசாயிக்குச் சொல்ல ஒரு தாளாவது முயன்றிருக்கலாம். செங்கடல் செய்தி உலகப் பக்கத்தில், மாங்காய்ச் செய்தி மாவட்டப் பக்கத்தில். இரண்டையும் தைக்க ஊசி நூல் இல்லை.

நீலகேசி சொல்லும் முறை

எங்கள் சமண மரபில் நீலகேசி என்ற தருக்க நூல் இருக்கிறது. 1936இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் உரையோடு பதிப்பித்தார். அதில் நீலகேசி ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் வாதம் செய்கிறாள். முதலில் எதிராளியைப் பேச விடுகிறாள். அவர் கொள்கையை அவர் சொல்லிலேயே வைத்த பிறகுதான் மறுப்பு. அவள் மறுத்த குண்டலகேசி என்ற பௌத்த நூல் இன்று முழுதாக இல்லை. அந்த நூலைப் பற்றி நாம் அறிவதில் ஒரு பகுதி, அதை மறுத்தவர்கள் வழியாகவே வந்து சேர்ந்தது. எதிராளியின் வாய்ச்சொல் நம் கையில் பத்திரமாக இருக்க வேண்டிய பொறுப்பு எவ்வளவு பெரியது பாருங்கள்!

அநேகாந்தம் என்றால் இரண்டு பக்கமும் பாதி பாதி சரி என்று சொல்லித் தப்பிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது அல்ல. 'ஸ்யாத்', அதாவது 'இன்ன நோக்கில் பார்த்தால்' என்ற சொல்லை ஒவ்வொரு வாக்கியத்தின் முன்னாலும் வைக்கச் சொல்கிறது அந்த நெறி. யார் நின்ற இடத்திலிருந்து இதைச் சொல்கிறார் என்பதை மறைக்காதே என்பது பொருள். நான் மேலே சொன்ன ஊர்ப்பேர் வரியும், 'ராணுவம் சொல்கிறது' என்ற வரியும், 'கூடும்' என்ற சொல்லும் அந்த ஸ்யாத்தின் வேலையைத்தான் செய்கின்றன. குற்றத்தைக் குற்றம் என்று சொல்ல அது தடையில்லை. சாட்சி யார் என்பதையும் சேர்த்துச் சொல் என்கிறது.

நமக்கு என்ன நஷ்டம்?

இப்படிப் படிப்பதால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். 2024 நவம்பரில் இலங்கைப் பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி 225 இடங்களில் 159 பிடித்தது. யாழ்ப்பாண மாவட்டத்திலேயே ஆறில் மூன்று இடம் அவர்களுக்குப் போயிற்று. தமிழர் பகுதிகளில் மட்டக்களப்புதான் தமிழ்க் கட்சிக்கு உறுதியாக நின்றது. 1987 ஒப்பந்தத்தை ஆயுதம் எடுத்து எதிர்த்த ஜே.வி.பி.யின் வழி வந்த கூட்டணிக்கு யாழ்ப்பாணத் தமிழன் ஏன் ஓட்டுப் போட்டான்? நம் சங்கத்துப் பெரியவர்கள் பலர் என்னிடம் இதைக் கேட்டார்கள். 'துரோகமா?' என்று ஒருவர் கேட்டார். நாம் படித்த தாள்களில் யாழ்ப்பாணத்தான் ஒன்று அழுதுகொண்டிருந்தான், அல்லது இல்லாமலே இருந்தான். அவனுக்கும் வேலை வேண்டும், ராணுவத்திடம் இருக்கும் காணி திரும்ப வேண்டும், தன் பழைய தலைவர்கள் மேல் சலிப்பும் வரும் என்று எந்தத் தாளும் நமக்குத் தொடர்ந்து சொல்லி வைக்கவில்லை. பதினைந்து வருஷம் அவனைப் படமாக மட்டும் பார்த்திருந்தோம். படத்திலிருந்தவன் எழுந்து ஓட்டுப் போட்டதும் நாம் திடுக்கிட்டோம்.

நம் பிள்ளைகள் விஷயம் இதைவிடக் கவலை. அவர்கள் தெலுங்கில் படிக்கிறார்கள், தமிழ் பேசுவார்கள், பலருக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஈழம் என்ற சொல்லை அவர்கள் வீட்டில் ஒரு மாதிரி கேட்கிறார்கள், வகுப்பில் வேறு மாதிரி கேட்கிறார்கள். எது உண்மை என்று தாத்தாவைக் கேட்டால் தாத்தா கோபப்படுகிறார். கோபத்தைக் கொடுத்துவிட்டுப் போனால் அது அவர்களோடு நிற்காது. படிக்கும் முறையைக் கொடுத்தால் நிற்கும்.

ஆகவே சங்கத்தாருக்கு என் பணிவான வேண்டுகோள். நம் வாசகசாலை மேஜையில் ஒரு தெலுங்குத் தாளும் ஒரு தமிழ்த் தாளும் எப்படியும் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு வெளிநாட்டுச் செய்தியை எடுத்து, இரண்டு தாளிலும் அதைத் தேடிப் பிள்ளைகளை உரக்கப் படிக்கச் சொல்லலாம். தெலுங்கை அவர்கள் படிக்கட்டும், தமிழை நாம் படித்துக் காட்டுவோம், அந்த சாக்கில் தமிழ் எழுத்தும் பழகும். பிறகு மூன்று கேள்வி. எங்கே ஏறியது, எத்தனை கை மாறியது, எடை போட்டது யார். பதில் கிடைக்காத இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். பழைய தாள்களை எடைக்குப் போடாமல் ஒரு மாதம் வைத்திருந்தால், அடுத்த வாரம் திருத்தம் வந்ததா என்றும் பார்த்துவிடலாம். கோடு போட்ட தாள்களை அவ்வப்போது திருப்பதியிலுள்ள பத்திரிகை ஆபீசுகளுக்குக் கடிதத்தோடு அனுப்பினால், ஆசிரியர் மேஜைக்கு நம் கேள்வியும் ஒரு சரக்காகப் போய்ச் சேரும்.